பாங்கி வேலையை விட்டார், பஸ் விட்டார்!

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கலுக்கு மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. வளைவுக்கு வளைவு டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பஸ்சில் இருப்பவர்கள் அருவியைப் பற்றியும் மீன் குழம்பைப் பற்றியும் பேசிக்கொண்டு போகிறார்கள். பிரேக்கை யாரும் நினைப்பது இல்லை.

பிரேக், சக்கரம், திருகாணி, ரேடியேட்டர் மூடி! பார்வைக்குச் சில்லறைச் சாமான்கள். இவற்றைச் செய்தே உலகம் அறிய வளர்ந்தது ஒரு மதுரைக் குடும்பம். அதன் தலைவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தும் அவருடைய பெயர்தான்.

திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி அவருடைய ஊர். பிறந்த ஆண்டு 1877. வக்கீல் தொழில், ரெயில்வே உத்தியோகம், பாங்கி வேலை என்று மூன்றையும் பார்த்தார். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை உதறிவிட்டு, 1911-ம் ஆண்டில் மதுரையில் மோட்டார் தொழிலில் இறங்கினார். மாட்டு வண்டிக் காலம் அது. அவருக்கு வயது 34. குடும்பஸ்தர். துணிச்சல்தான்!

நேரம் தவறாத பஸ்

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் சொல்வது உண்டு. ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டார் என்றும் சொல்வார்கள். ஆணி குத்தினால் டயர் போகும். டயர் போனால் நேரம் போகும். நேரம் போனால் அடுத்த நாள் ஜனங்கள் வேறு வண்டியில் ஏறிவிடுவார்கள். கணக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது உலகப்போர் வந்தது. 1942-ல் மலாயாவும் பர்மாவும் ஜப்பான் வசம் ஆயின. ரப்பருக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சம். பஸ் கம்பெனிகள் திண்டாடின.

அய்யங்கார் கைகட்டி நிற்கவில்லை. கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் கொண்டு மோட்டாரை ஓட்டும் கருவியைத் தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் வைத்தார். சாமான் வாங்கி விற்றவர், சாமான் செய்யவும் தொடங்கினார்.

மகளின் படிப்பு

அவருடைய மகள் சவுந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம். அய்யங்கார் வீட்டிலோ, மகளைப் படிக்கச் சொன்னார்கள். அவர் டெல்லியில் படித்து டாக்டர் ஆனார். 1940-ல் காந்திஜியின் ஆசியுடன் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். வேறு சாதி என்பதால் பெற்றோர் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு காந்திகிராமத்தை உருவாக்கியவர் இந்த அம்மையார்தான்.

போன கம்பெனியும் வந்த கம்பெனியும்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் அய்யங்காரின் கம்பெனி முன்னணியில் இருந்தது. பாகங்களை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று சர்க்கார் நெருக்கியது. 1954-ல் அந்தக் கம்பெனி இங்கே வண்டி பூட்டும் வேலையை நிறுத்திக்கொண்டது. பெரிய வியாபாரத்துக்கு ஆபத்து!

அதே ஆண்டில் மகன் சந்தானம், 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். லாரி வாங்கக் கடன் கொடுக்கும் கம்பெனி அது. மறு ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ல், அய்யங்கார் 78-வது வயதில் காலமானார்.

மகன்கள் தந்தை காட்டிய வழியில் போனார்கள். இங்கிலாந்துக் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்து, சென்னை பாடியில் சக்கரம் (1960), மின்சாதனம் (1961), பிரேக் (1962) என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வைத்தார்கள். 1972-ல் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ்சை மட்டும் நம்பி இருந்தால், குடும்பம் அன்றோடு தடுமாறி இருக்கும்!

1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வண்டி வந்தது. அப்போது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

ரேடியேட்டர் மூடியில் லாபம் சொற்பம். லட்சக்கணக்கில் விற்றால்தான் கட்டும். மூடி சரியில்லை என்றால் தண்ணீர் கொதித்து வெளியேறும், என்ஜின் சூடேறும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். பேரன் சுரேஷ் கிருஷ்ணாவின் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் கம்பெனி, 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்து இந்த மூடி செய்யும் எந்திரங்களைப் பெயர்த்துச் சென்னைக்குக் கொண்டுவந்தது. மூடிகளை வாங்கியது யார் தெரியுமா? தாத்தா யாருடைய கார்களை விற்றாரோ, அதே ஜெனரல் மோட்டார்ஸ்!