வேலணை தந்த சபாநாயகர்

பண்ணை வீதியால் பஸ்ஸில் செல்லும் வாசகரே, வள்ளமேறி யாழ்ப்பாணம் போன காலமும் ஒன்றிருந்தது. அக்காலத்தில், 1874இல், வேலணையில் பிறந்தவர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. நியாயதுரந்தரரான இவர் 1921இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1936இல் ஊர்காவற்றுறைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. சபையோ அவரையே சபாநாயகராக்கிக்கொண்டது. தீவகத்துக்குப் பெருமைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் தம் மக்களுக்காக வாதாட இயலாது.

1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணை வந்தது. தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் நல்லையா, அது நிறைவேறியது. துரைசுவாமி நடுவராகவே இருந்தார். நடுநிலை தவறாதவரென்ற பெயரோடு, 1947வரை பதினொரு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். தனிச் சிங்களச் சட்டம் 1956இல் வந்தபோது எண்பதைக் கடந்திருந்தார். 1966இல் மறைந்தார்.