திருத்திய கை

வலங்கைமான்காரன் என்று சொன்னால் பாடைகட்டி மாரியம்மன் கோயிலைக் கேட்பார்கள்; இல்லையேல் பட்டாசு விலையைக் கேட்பார்கள். மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரைப் பற்றிக் கேட்பவர் அரிது. சென்ற ஆண்டு வரை நானும் அவரை அறியேன்.

எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவர் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்து திரும்பியிருந்தார். வாழ்த்தப் போனோம். அவரோ தேர்வாளர் தந்த திருத்தப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். தேறியாகிவிட்டது, ஆனாலும் அவற்றைச் சரிசெய்து ஆய்வேட்டை மீண்டும் ஒப்படைத்தால்தான் பட்டமாம். பக்க எண்களைச் சரிபார்க்க நான் உதவினேன். அதே வாரம் என் செய்முறைப் பதிவேடும் சிவப்பு மையில் குளித்துத் திரும்பியிருந்தது. பிழையெல்லாம் ஆங்கிலத்தில்தான். என் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் யாரிடம் காட்டிக் கேட்பேன்? படிப்பை நிறுத்திவிடலாமா என்றுகூட எண்ணினேன். அதை முகத்தில் படித்துக்கொண்ட விரிவுரையாளர்தான் என் ஊர்க்காரரின் கதையைச் சொன்னார். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1869 செப்டம்பர் 22-இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் சாஸ்திரியார். காந்தியடிகளைவிடப் பத்தே நாள் மூத்தவர். பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் கும்பகோணத்தில். பிறகு ஆசிரியர் வேலை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். நாடெங்கும் மாணவர் மனப்பாடம் செய்த நெஸ்பீல்டு ஆங்கில இலக்கணத்திலேயே இளம் வயதில் பிழை கண்டு திருத்தினார் என்று சொல்வதுண்டு. இலக்கணம் எழுதியவருக்கே திருத்தம் உண்டென்றால் என் பதிவேடு எம்மாத்திரம்!

1907-இல் வேலையைத் துறந்து கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1921-இல் பிரிவி கவுன்சில் உறுப்பினர். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதி. அங்குள்ள இந்தியப் பிள்ளைகள் படிக்க டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சியின் பயன். வெள்ளி நாவினர் என்று ஆங்கிலேயரே அவரைப் போற்றினர்.

அவர் அரசியல் எனக்கு முழுதும் உடன்பாடில்லை. மிதவாதி அவர், ஒத்துழையாமையை எதிர்த்தவர். காந்தியடிகளோடு பல முறை கருத்து மோதியவர். ஆனால் நான் வியப்பது இங்கேதான். அடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1927-இலும் 1929-இலும் இரு பாகங்களாக வெளிவந்துவிட்டது. அச்சேறி உலகம் படித்த நூல், அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. மறுபதிப்புக்கு முன் மொழிநடையைச் செப்பனிட ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: தம் பெயர் எங்கும் வரக்கூடாது. 1940-இல் திருத்திய பதிப்பு வந்தது. முன்னுரையில் தேசாய் நன்றி சொன்னார், பெயர் சொல்லவில்லை. அந்தப் பெயரிலி சாஸ்திரியாரே என்பது பின்னர் வெளிப்பட்டது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் அவர். அவ்வளவு பெரிய மனிதர், தம் கொள்கைக்கு ஒவ்வாதவரின் வாழ்க்கைக் கதையை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1946 சனவரியில் சென்னை மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த அவரைக் காந்தியடிகள் நேரில் வந்து பார்த்தார். ஏப்ரல் 17-இல் சாஸ்திரியார் மறைந்தார். நாடு விடுதலை பெற இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன.

விரிவுரையாளரின் ஆய்வேடு திருத்தி முடிந்து பைண்டிங்குக்குப் போய்விட்டது. என் பதிவேட்டில் இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி. கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்குள் ஒன்றையாவது எழுதிவிட வேண்டும்.