பண்டித ரமாபாய் அம்மையார்

அம்பர்நாத் வழியாகச் சென்னைக்கு ஓடும் இரயில், புனேயைக் கடந்து தவுண்டை எட்டுமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைத் தாண்டுகிறது. ஊருக்குப் போகும் அவசரத்தில் நம்மில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டோம். பண்டித ரமாபாய் அம்மையாரின் 'முக்தி' இல்லம் அங்கேதான் இருக்கிறது.

அம்மையார் 1858-இல் பிறந்தார். வடமொழியைத் தாயிடமே கற்றார். தந்தை அனந்த சாஸ்திரி குடும்பத்தோடு தலம் தலமாகச் சென்று புராணம் வாசித்து வாழ்ந்தவர். பஞ்சம் வந்தது. கைப்பொருளைத் தான தருமங்களில் செலவிட்டு, அருளுக்காகக் காத்திருந்தார்கள். கூலி வேலை அறியாதவர்கள். 1874-இல் தந்தை திருப்பதியை அடுத்த காட்டுப்புறத்தில் மாண்டார். தாய் இராய்ச்சூரில் மறைந்தார். அதுவும் நம் இரயில் பாதையிலுள்ள ஊரே! இதைக் கண்ட பதினாறு வயதுப் பெண், பின்னாளில் ஆண்டவர் அன்றன்று உணவளிப்பார் என்று எவ்வாறு நம்பினார்? விஞ்ஞானம் பயிலும் என்னை இக்கேள்வி விடவில்லை.

1882-இல் கணவர் இறந்தார். கையில் மனோரமா என்ற குழந்தை. மறுவருடம் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் கண்டார்; அது பின்பு புனேக்கு மாறியது. அமெரிக்க நண்பர்கள் பத்தாண்டுகளுக்கு உதவி வாக்களித்திருந்தனர். அக்கெடு முடியும் நாளை எண்ணி, கேட்காவில் நிலம் வாங்கிப் பழமரம் நட்டார். கணக்குத் தெரிந்த அம்மாள்!

ஆனால் 1896-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். பசியறிந்தவர் சும்மா இருப்பாரா? தாமே சென்று, சுமார் 300 பெண்களை அழைத்து வந்தார். புனேயில் பிளேக் நோய். ஆகவே அவர்களைக் கேட்காவில் குடியேற்றினார். இவர்களுக்கென்று நிச்சயமான வருமானம் இல்லை. பிரிஸ்டலில் ஜெபத்தையே நம்பி அநாதைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் வரலாறு அம்மையாரின் உள்ளத்தைத் தொட்டிருந்தது. முதலில் பிள்ளைகளைச் சேர்ப்பது, பணம் பின்னால் வரும் என்பதே அவர் துணிவு. 1900-இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் இல்லத்தில் ஏறத்தாழ 2,000 பேர்!

ஜெபித்துவிட்டுக் கைகட்டி இருக்கவில்லை. கிணறு வெட்டினார்கள், பயிரிட்டார்கள், நெய்தார்கள், அச்சுக் கோத்தார்கள். இல்லத்தின் நிலையைச் சொல்லும் சிறு பத்திரிகையும் வெளியாயிற்று. அதுவும் கேட்பதுதானே என்பார் உண்டு. நிலைமையை மறைக்காமல் சொன்னது நேர்மை என்றே நான் கொள்கிறேன். தந்தையின் நம்பிக்கையைப் பழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை; அவரும் தம்மிடமிருந்ததையெல்லாம் கொடுத்தவர்தாமே.

தமக்குப் பின் இல்லத்தை நடத்துவாள் என்று வளர்த்த மனோரமா 1921-இல் இறந்தாள். அம்மையார் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பை விடாமல் தொடர்ந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். அந்நூல் 1924-இல் வெளிவந்தது.