ஓரணாச் சிற்றுண்டியும் சர் பிட்டி தியாகராயரும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாம் சர் பிட்டி தியாகராயரைத் தேர்ந்துகொண்டது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். ஒரு கட்டத்தில் நம்மவரோடு மாறுபட்டு நின்றவருங்கூட. ஆயினும், பசித்த வயிற்றோடு பாடங்கேட்ட சென்னைச் சிறார்க்கு மாநகராட்சியின் பணத்தைக்கொண்டே உணவளிக்க வழிகண்டவர் அவர். அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையில் தோன்றினார். நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர். 1876-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்றோர் அரசு உத்தியோகத்தை நாடுவதே வழக்கம். இவரோ நெசவுத் தொழிலையே வளர்க்க முற்பட்டார். 1916-இல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியதும், 1920 தேர்தலுக்குப் பின் தம்மை நாடிவந்த முதலமைச்சர் பதவியை ஏற்காது கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை அப்பதவிக்கு முன்மொழிந்ததும் எல்லா நூல்களிலும் காணக் கிடைப்பவை. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

நாம் விரித்துரைக்க விழைவது அவருடைய மாநகராட்சிப் பணியை. 1882-இல் சென்னை மாநகராட்சி மன்றத்துள் நுழைந்த தியாகராயர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றத்தில் உழைத்தார். அதிகாரியல்லாத தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரும் அவரே. அந்நாளைய மன்றத்திற்கு வரி செலுத்துவோரே வாக்காளர். குடிசைவாசிக்கு ஆங்கே வாக்கில்லை. வாக்கில்லாத அவ்வேழைகளின் பிள்ளைகளே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பெரும்பாலும் பயின்று வந்தனர்.

அப்பள்ளியில் மாணவர் தொகை நிலைத்து நிற்கவில்லை. சேர்வதும் நின்றுவிடுவதுமாக இருந்தனர். ஏழ்மையே காரணம் என்பதைத் தியாகராயர் கண்டார். இதனை விளக்க நூலறிவு வேண்டுவதில்லை. வருகைப் பதிவேட்டைக் கையாண்ட எந்த ஆசிரியரும் அறிவர். முற்பகலில் இருந்த பிள்ளை பிற்பகலில் இராது. நண்பகலில் வீட்டிற்குச் சென்றால் அங்கே தாயும் இல்லை, அடுப்பும் எரியவில்லை; இருவரும் கூலிக்குப் போயிருப்பர். பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வந்து என் செய்யும்? நான்கு காசு கிடைக்கும் இடந்தேடி அதுவும் சென்றுவிடும். அதனைச் சோம்பல் என்று எழுதிவைத்த ஆசிரியரும் உண்டு.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்க்கு நாள்தோறும் சிற்றுண்டி வழங்கப்படும். செலவு தலைக்கு ஓரணாவுக்கு மிகலாகாது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே சொல்லுகிறோம், நூறு பிள்ளைகள் உண்ண ஒரு நாளைக்கு 6 ரூபாய் 4 அணாவே ஆகும். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. இவ்வளர்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என வாதிடுவோர் வாதிடுக. சோறு ஆக்கும் நாளில் பள்ளி நிறைவதும் ஆக்காத நாளில் குறைவதும் நாம் கண்ணாரக் கண்டவை. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் தட்டில் உண்டு வளர்ந்தோருள் நாமும் உண்டு.

இனி, மறைக்கத் தகாத ஒன்றையும் எழுதுதல் வேண்டும். 1921-இல் சென்னைப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பலர் வேலைக்குத் திரும்பினர். ஒருநாட் கூலி தவறினால் அவர்தம் வீட்டில் உலை ஏறாது என்பதை எவரும் எண்ணவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டது. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் நின்றனர். அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டுகிறது என்று குறைகூறியோருள் தியாகராயரும் ஒருவர். எம்.சி. ராஜா 1923-இல் அக்கட்சியினின்று விலகியதற்கு இத்தகைய மனக்கசப்பும் காரணமாயிற்று. பள்ளியில் ஏழைப் பிள்ளையின் பசியைக் கண்டவர், ஆலை வாயிலில் அப்பிள்ளையின் தந்தையின் பசியைக் காணத் தவறினார் என்பதே நம் துணிபு. அதன்பொருட்டு ஓரணாச் சிற்றுண்டியை மறந்துவிடுதல் முறையன்று. சிற்றுண்டியின்பொருட்டுப் புளியந்தோப்பை மறப்பதும் முறையன்று.

அத்திட்டம் நெடுநாள் வாழவில்லை. சிற்றுண்டிச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் எழுதுவதற்கு ஆங்கில அரசு இசையவில்லை. சோறு வேறு, கல்வி வேறு என்பது கோட்டையிலிருந்தோர் கணக்கு. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அதே மாதம் 28-ஆம் நாள் தியாகராயர் இயற்கை எய்தினார்; எழுபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு மறுநாள். அடுப்பு அணைந்து இருபத்தேழு நாட்களே சென்றிருந்தன.

நகரின் தெற்கே எழுந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயரைச் சூட்டித் தியாகராய நகர் என்றனர். இன்று தி.நகர் என்றால் துணிக்கடையும் நகைக்கடையுமே பலர் நினைவுக்கு வரும்; பெயருக்கு உரியவரை எண்ணுவோர் சிலரே.

மாநகராட்சி 1927-இல் தன் பள்ளிகளில் உணவை மீண்டும் தொடங்கியது. காமராசர் 1956-இல் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதனைச் சத்துணவாக விரித்தார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்றது. தொடங்கிய இடம் நெல்பேட்டையிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி.