எட்டுப் படி காட்டிய எஜிப்து வைத்தியர்



கை நீட்டுகிற ஏழைக்கு ஒரு காசைப் போட்டுவிட்டு நம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீர்ந்ததா? அந்த ஏழை நாளைக்கும் அதே இடத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்பானே, அதற்கு என்ன செய்வது? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு யூத வைத்தியர் இதை ஆழ்ந்து சிந்தித்து, எட்டுப் படிகளாக விடை எழுதி வைத்தார். அவருடைய சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

யூத போதகர் ஒருவருடைய சரித்திரம் கத்தோலிக்கருக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அப்படிக் கேட்கவில்லை. அவர் தம் நூல்களில் பல இடங்களில் ரபி மோயீசன் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறவர் இவரே. சில இடங்களில் இவர் கருத்தை மறுத்தாலும் மதிப்புடனே மறுக்கிறார். 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வெளிவந்த வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையும், யூத மக்களோடு நமக்குள்ள ஞான உறவை நினைப்பூட்டி, இரு திறத்தாரும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்கும்படி கேட்டுக்கொண்டது.

இவருடைய பெயர் மோயீசன் பென் மைமோன், அதாவது மைமோன் மகன் மோயீசன். ஐரோப்பியர் மைமோனிதெஸ் என்பார்கள். 1138-ல் ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவா நகரில் பிறந்தார். தகப்பனார் யூத நியாயாதிபதி. மகனுக்கு வேதக் கல்வியை அவரே புகட்டினார். பையனுக்குப் பத்து வயதாகும்போது, 1148-ல், அல்மொகாத் வம்சத்தார் அந்நகரைப் பிடித்தார்கள். மதம் மாற வேண்டும், அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. குடும்பம் பல ஆண்டுகள் ஊர் ஊராய் அலைந்தது. சுமார் 1160-ல் மொராக்கோ தேசத்துப் பெஸ் நகரத்தில் தங்கினார்கள். 1165-ல் கப்பலேறிப் பலஸ்தீனாவிலுள்ள ஆக்கர் துறைமுகம் சேர்ந்தார்கள். கடைசியாக எஜிப்திலே, கெய்ரோவை அடுத்த புஸ்தாத் என்னும் பழைய நகரில் குடியேறினார்கள். யூதருடைய மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்புக்கு மோயீசன் எழுதிய விரிவுரை 1168-ல் முடிந்தது. அதில் சில பாகங்கள் நடந்த வழியிலும், சில பாகங்கள் கப்பல் தட்டிலும் எழுதப்பட்டவை.

அதே 1168-ல் ஜெருசலேமிலிருந்து சிலுவைப் போர்ச் சேனை ஒன்று வந்து, எஜிப்திலுள்ள பில்பேஸ் பட்டணத்தைப் பிடித்துப் பலரைச் சிறையாக்கிற்று. சிறையாக்கியவர்கள் நம் மதத்தார் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்குப் புதியவரான மோயீசன், யூதக் கைதிகளை மீட்பதற்காகச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பிப் பணம் திரட்டினார். கைதியை மீட்பது பசித்தவனுக்குச் சோறிடுவதற்கும் முந்திய கடமை என்று பின்னாளில் எழுதினார். கைதி என்பவன் பசித்தவனும், தாகமுள்ளவனும், ஆடையற்றவனும், உயிருக்கு அஞ்சுகிறவனுமாய் ஒருங்கே இருக்கிறான் என்பது அவர் சொன்ன நியாயம்.

இதுவரை அவருக்குப் பிழைப்பைப் பற்றிய கவலை இல்லை. தம்பி தாவீது இரத்தின வியாபாரி. தம்பி சம்பாதித்தார், அண்ணன் படித்தார், எழுதினார். தாவீது இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தபோது, செங்கடல் கரையிலுள்ள ஐதாப் துறைமுகத்திலிருந்து, பாலைவனம் கடந்த கஷ்டங்களைச் சொல்லி அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் பழைய கெய்ரோவின் யூத ஆலயத்துக் காகித அறையில் பல நூற்றாண்டு கிடந்து, இப்போது கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பத்திரமாய் இருக்கிறது. எழுதியவரோ திரும்பி வரவில்லை. இந்து மகா சமுத்திரத்தில் கப்பல் மூழ்கி மாண்டுபோனார். அண்ணனுடைய பணமும், மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணமும் அவரோடு மூழ்கின. அவருடைய விதவையும் ஒரு சிறு பெண் குழந்தையும் மோயீசனின் பொறுப்பில் நின்றார்கள்.

அச்செய்தி வந்தபின் ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் காய்ச்சலும் மனக்கலக்கமுமாய்ப் படுக்கையில் கிடந்தார். ஆண்டுகள் பல சென்றபின்னும், தம்பியின் கையெழுத்தைக் காணும்போது தம் நெஞ்சு புரண்டுபோகிறது என்று ஒரு நண்பருக்கு எழுதினார்.

படுக்கையிலிருந்து எழுந்தவர் பிழைப்புக்கு என்ன செய்தார்? கற்றறிந்தவருக்குச் சபையார் படியளப்பது அக்காலத்து வழக்கம். மோயீசனோ வேத போதகத்தைக் கூலிக்கு விற்பது தகாது என்பதில் உறுதியானவர். ஆகவே, தாம் கற்றிருந்த வைத்தியத்தைத் தொழிலாக மேற்கொண்டார். சுல்தான் சலாதீனுடைய மந்திரி அல்-காதி அல்-பாதில் அவரை ஆதரித்தார். பிற்காலத்தில் சலாதீனின் மகன் அல்-அப்தாலுக்கும் அவரே வைத்தியர்.

இந்தக் கஷ்ட காலத்திலேதான், சுமார் பத்து ஆண்டு உழைத்து, மிஷ்னே தோரா என்னும் பெரிய சட்டநூலை 1178-ஐ ஒட்டி முடித்தார். அது 14 புத்தகங்கள் அடங்கியது. தருமத்தைப் பற்றிய சட்டங்களை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? பயிர்த்தொழிலுக்குரிய ஏழாம் புத்தகத்தில் வைத்தார். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது என்று வேதம் கற்பிக்கிறதல்லவா? ரூத் என்னும் பெண் போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய சரித்திரம் உங்களுக்குத் தெரியும். அந்தக் கதிர் போவாஸ் இரங்கிப் போட்ட பிச்சையல்ல, ரூத்துக்கு உரிய பங்கு. தருமத்துக்கு எபிரேய மொழியில் செதாக்கா என்று பெயர். நீதியைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்தே அது பிறந்தது. நம் தமிழிலும் தருமம் என்ற ஒரே சொல் நீதிக்கும் ஈகைக்கும் வழங்குவதைக் கவனியுங்கள்.

இனி அந்த எட்டுப் படிகளைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

முதற்படியில் இருப்பவன் மனவருத்தத்தோடு கொடுக்கிறான். இரண்டாம் படியில் இருப்பவன் தகுந்த அளவுக்குக் குறைவாகக் கொடுக்கிறான். ஆனாலும் முகமலர்ச்சியோடு கொடுக்கிறான். மூன்றாமவன் கேட்டபின் கொடுக்கிறான். நான்காமவன் கேட்கும் முன்னே கையில் கொடுக்கிறான். ஐந்தாம் படியில், கொடுத்தவர் யார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும். வாங்கியவன் யார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. பூர்வீக சாஸ்திரிகள் சிலர் பணத்தை முந்தானையில் முடிந்து முதுகுப்புறம் தொங்கவிட்டு நடப்பார்களாம். ஏழைகள் கூசாமல் எடுத்துக்கொள்வார்கள். ஆறாம் படியில், வாங்குகிறவனைக் கொடுப்பவர் அறிவார்; கொடுத்தவரை வாங்குகிறவன் அறியான். இரவில் ஏழை வீட்டு வாசலில் பணத்தை வைத்துவிட்டுப் போவது இதற்குச் சேரும். ஏழாம் படியில் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. பூர்வத்தில் ஜெருசலேம் தேவாலயத்தில் இதற்கென்றே ஓர் இரகசிய அறை இருந்தது.

எட்டாம் படியே எல்லாவற்றிலும் மேலானது. தாழ்ந்துபோகிறவனுக்கு வெகுமதியாகவோ கடனாகவோ பணம் கொடுத்து, அல்லது தொழிலில் கூட்டுச் சேர்த்து, அல்லது ஒரு வேலை தேடித் தந்து, அவன் பிறரிடம் கை நீட்டாதபடி அவன் கையைப் பலப்படுத்துவது. இதை எழுதினவர் ஒரு காலத்தில் தம்பியின் உழைப்பால் தாங்கப்பட்டவர். அந்தத் தாங்கல் ஒரே நாளில் கடலில் போனதைக் கண்டவர். பின்பு தம் கையால் உழைத்து ஒரு விதவையையும் குழந்தையையும் காப்பாற்றியவர் என்பதை மறவாதேயுங்கள்.

ஏழாம் படியை ஒட்டியே ஊர்த் தரும உண்டியலைப் பற்றியும் அவர் பேசுகிறார். நேர்மையும் விவேகமும் உள்ளவரே அதை நடத்த வேண்டும். பணம் தண்ட இருவர் போக வேண்டும். பங்கிட மூவர் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரத்துக்குப் போதுமானது ஏழைகளுக்குச் சேர வேண்டும். தருமம் வாங்கி உண்கிற ஏழையும் தன்னால் இயன்றதைத் தருமம் செய்யக் கடமைப்பட்டவன். கையில் ஒன்றுமில்லாதவன் நல்ல வார்த்தையாவது சொல்லித் தேற்ற வேண்டும்.

அவர் தாம் எழுதியபடியே நடந்தாரா? 1199-ல், அவருடைய வேறொரு பெரிய நூலாகிய திகைப்போருக்கு வழிகாட்டி என்பதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஓர் அறிஞர், அவரைக் காண வர விரும்பினார். அவருக்கு மோயீசன் எழுதிய பதிலில் தம் அன்றாட நிலையை விவரிக்கிறார். காலையில் கெய்ரோ அரண்மனைக்குப் போனால் பிற்பகலுக்கு முன் திரும்ப முடியாது. பசியோடு வீடு வந்தால் முன்கூடம் நிறைய நோயாளிகள். யூதரும் பிறரும், பெரியோரும் எளியோரும், நண்பரும் பகைவரும் கலந்திருப்பார்கள். இறங்கிக் கை கழுவி, அவர்களிடம் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டி, கொஞ்சம் சாப்பிடுவார். ஒரு நாளைக்கு அவருக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். பிறகு இருட்டிய பின்னும் வைத்தியம் நடக்கும். உட்காரச் சக்தியின்றிப் படுத்தபடியே மருந்து சொல்வார்.

1204-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி அவர் மரித்தார். கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவில் அவருடைய கல்லறை என்று காட்டப்படும் இடத்துக்கு இன்றும் யூதர்கள் யாத்திரையாக வருகிறார்கள்.

பங்கு மக்களே, நாம் எந்தப் படியில் நிற்கிறோம்? ஒரு பை அரிசியைக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்புகிறோமே, அந்தத் தாய் அன்று இரவு தன் பிள்ளைகளை எந்த முகத்தோடு பார்ப்பாள்? வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்று நம் ஆண்டவர் கற்பித்ததும் இதற்காக அல்லவா?

கை நீட்டக் கூசி வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடக்கும் குடும்பங்கள் எந்தப் பங்கிலும் உண்டு. அப்படி ஒரு குடும்பத்தை இவ்வாரம் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தையல் தெரிந்த பெண்ணுக்கு ஒரு மெஷின் வேண்டியிருக்கலாம். படித்த பையனுக்கு உங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை வேண்டியிருக்கலாம். சிறு கடைக்காரருக்கு வட்டியில்லாமல் கொஞ்சம் முதல் வேண்டியிருக்கலாம். இவற்றில் உங்களால் ஆவது ஒன்றைச் செய்யுங்கள். செய்ததை யாருக்கும் சொல்லாதேயுங்கள். சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.