ஊர்களுக்கு ஒரு மருத்துவர்: பாட்ரிக் கெடிஸ் சரித்திரம்

சூழ்ச்சித் திறம் மிக்கவனை "எம்டன்" என்று சுட்டும் வழக்கு தமிழ்நாட்டில் இன்னும் மறையவில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலங்களைக் குண்டெறிந்து எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே அஃது. அக்கப்பல் சென்னையோடு அமையவில்லை. அடுத்த திங்களில் மினிக்காய்த் தீவின் அருகே கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலையும் அது கடலில் ஆழ்த்திற்று. அதன் சரக்குகளிடையே பல நாட்டு நகரங்களின் படங்களும் வரைபடங்களும் அடங்கிய பெட்டிகள் இருந்தன. ஒருவர் பல்லாண்டு அரிதின் முயன்று திரட்டிய கண்காட்சி அது. கடல்கோளில் நூல்களை இழந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணாக்கராகிய நமக்கு அவ்விழப்பின் அளவு எளிதில் விளங்கும்.

அவற்றை இழந்தவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர். சென்னை மாகாணக் கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, தம் மூத்த மகன் அலாஸ்டேருடன் அவர் வேறொரு கப்பலில் இந்தியாவுக்கு வந்தார். பெட்டிகள் மூழ்கிய செய்தி கேட்டும் அவர் திரும்பிச் செல்லவில்லை. நண்பர்கள் விரைந்து வேறு படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பெற்றது.

இவர் பிறந்தது 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றார். 1879-ல் மெக்ஸிகோ நாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது கண்ணொளி குன்றிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியே வாழ்வென்றிருந்த இளைஞருக்கு இதனினும் கொடிய தண்டனை வேறில்லை. அவ்விருளில் சாளரத்தின் கண்ணாடிக் கட்டங்களைக் கையால் தடவித் தடவி, கருத்துக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி எண்ணும் முறை ஒன்றைக் கண்டார். பார்வை மீண்டது; எனினும் நுண்பொருள் ஆராய்ச்சிக்கு அக்கண்கள் பின்னர் முழுதும் உதவவில்லை. செல்லும் உயிரும் நோக்கியவர் ஊரையும் மக்களையும் நோக்கத் தொடங்கினார்.

1886-ல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்தார். மணமக்கள் குடிபுகுந்த இடம் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கடியான குடியிருப்பு. வசதியுடையோர் கைவிட்டு நீங்கிய இடம் அது. கணவரும் மனைவியுமாக அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவருக்குச் சுண்ணம் பூசினர், குப்பை அகற்றினர், சாளரங்களில் பூச்செடி வைத்தனர். ஏழைகளின் நிலையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவோர் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்களுடைய மாடிப்படியிலேயே ஏறி இறங்கியவர் சிலரே. அடுத்த ஆண்டு மாணவர்கள் தாமே ஆண்டுகொள்ளும் விடுதியொன்றை அங்கு நிறுவினார் என்பதை நம் விடுதி நண்பர்கள் குறித்துக்கொள்வாராக!

இனி அவர் தமிழ்நாட்டில் செய்த பணியைக் காண்போம். தஞ்சைக் கோட்டையின் ஒரு பகுதியில் வீடுகள் நெருங்கிக் காற்றோட்டம் குன்றியிருந்தது. நகராண்மையார் கருதிய பரிகாரம் அகன்ற நேர்த்தெருக்களை வெட்டுவது. அளவுகோலை வைத்துக் கோடிழுத்தால் கோட்டின் கீழ் அகப்படும் வீடெல்லாம் இடிபடும். கெடிஸ் அந்த வரைபடத்தை ஏந்தி அச்சந்துகளிலேயே நடந்தார். எந்த வீடு பாழ்பட்டது, எது குடியிருப்பது, எங்கே கிணறு, எங்கே சிறு கோயில், எங்கே நிழல்மரம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பாழ்மனைகளை மட்டும் அகற்றி, அவ்வெளிகளை ஒன்றோடொன்று கூட்டினால் காற்றும் வெளிச்சமும் விளையாடிடமும் கிடைக்கும் என்று காட்டினார். குடியிருந்தோர் குடியிருந்தபடியே இருப்பர். செலவும் முதல் திட்டத்தில் ஒரு சிறு பங்கே.

அறுவை மருத்துவன் உடலைக் கூடியவரை காத்து நோயை மட்டும் அகற்றுதல் போன்றது இம்முறை என்பது அவர் கருத்து. அறுக்குமுன் நாடி பார்க்கவேண்டும். ஊருக்கு நாடி பார்த்தலாவது அதன் தெருக்களில் நடத்தல். இன்று தொழில் நிலையங்களிலும் பொதுப்பணிகளிலும், பயன்கொள்வோரை நடுவில் வைத்தே எதனையும் வகுக்கவேண்டும் என்று பேசப்படும் நெறி இதுவே அன்றோ?

இதில் ஒப்புரவு எங்கே உளது எனின், கூறுதும். நேர்த்தெரு வெட்டப்படுங்கால் செல்வன் வீடு இடிவது அரிது. இடிந்தாலும் ஈட்டுப்பணம் பெற்று வேறிடம் கட்டுவான். ஒற்றையறையில் வாடகைக்கிருப்பவன் பெறுவது ஒன்றுமில்லை. அவன் அடுத்த சேரியை அடைந்து அங்கே நெருக்கத்தைக் கூட்டுவான். அங்கும் வாடகை உயரும். நெருக்கம் ஒழிந்ததென்று நகராண்மையார் மகிழ்வர். உண்மையில் அது தெருமாறியதே. இக்கணக்கை அதிகாரிகள் முன் வைத்தவர் கெடிஸ்.

குளங்களைப் பற்றியும் அவர் அதிகாரிகளோடு வழக்காடினார். கொசு பெருகும், மலைக்காய்ச்சல் பரவும் என்று சொல்லிச் சுகாதார அலுவலர் குளங்களைத் தூர்க்க முற்பட்டனர். குளத்தைத் துப்புரவாக்கி மீனும் வாத்தும் விட்டால் கொசுவின் புழுக்களை அவை தின்னும்; குளமோ வெப்பம் தணிக்கும், மழைவெள்ளத்தை ஏற்கும் என்பது அவர் மறுப்பு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகர் வெள்ளத்தில் தத்தளித்தபோது, தூர்ந்துபோன ஏரிகளை எண்ணி வருந்தியவர்கள் நூறாண்டுக்கு முந்திய அவ்வெச்சரிக்கையை அறிந்திருப்பரோ, அறியோம்.

நம் புதுவை நிலத்தின் வடகோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில், பெயரிலேயே ஒரு குளத்தைத் தாங்கி நிற்கும் கனகசெட்டிக்குளத்தை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. அவ்வூர்க்கரை மீனவர் வாழும் கரை. கெடிஸ் வகுத்த பாடங்களுள் புகழ்பெற்றது ஒன்று, மலையுச்சி தொடங்கிக் கடற்கரை வரை நிலத்தை ஒரே படமாக வரைவது. மலையில் சுரங்கத்தானும் மரம் வெட்டுவோனும் வேடனும், சரிவில் ஆயனும், கீழே உழவனும், இறுதியில் மீனவனும் அதில் நிற்பர். இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் பிரிக்காமல் எண்ணவேண்டும் என்பதே அப்படத்தின் பொருள். இலப்ளே என்னும் பிரெஞ்சு அறிஞரிடமிருந்து இம்மூன்றையும் அவர் எடுத்துக்கொண்டார். குறிஞ்சி முதல் நெய்தல் ஈறாகத் திணை வகுத்து, முதலும் கருவும் உரியுமாக நிலத்தையும் வாழ்வையும் இணைத்த தொல்காப்பியம் பயிலும் நமக்கு இப்படம் உறவினர் முகம் போலத் தோன்றுகின்றது. இரண்டும் ஒன்றெனச் சாதிப்பது எம் நோக்கமன்று. நெய்தலில் வாழ்வோனுக்கு வீடு கட்டுவோன் நெய்தலை அறியவேண்டும் என்ற அளவில் இரண்டும் உடன்படும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபின் தமிழகத்திலும் புதுவையிலும் காரைக்காலிலும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. நல்ல உள்ளத்தோடு தரப்பட்டவையே அவை. ஆயினும் வலை உலர்த்தும் முற்றமும், மீன் காயவைக்கும் களமும், படகைப் பார்த்திருக்கும் திண்ணையும் எண்ணப்படாமல், ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாய் நின்ற இடங்களும் உண்டு. கட்டுவோர் முதலில் ஒருநாள் மீன்கூடையேந்தும் மூதாட்டியின் பின்னே நடந்திருக்கலாம்.

1917-ஆம் ஆண்டு கெடிஸுக்குக் கொடிய ஆண்டு. அலாஸ்டேர் பிரெஞ்சு நாட்டுப் போர்முனையில் மாண்டான். அப்போது அன்னா அம்மையார் இந்தியாவில் நோயுற்றுக் கிடந்தார். மகன் இறந்த செய்தியை மனைவிக்கு உரைக்க அவருக்கு மனம் துணியவில்லை; அவனுடைய பழைய கடிதங்களையே படித்துக்காட்டி வந்தார். சின்னாட்களில் அம்மையாரும் மறைந்தார்.

அத்துயரின் பின்னரே இந்தூர் சமஸ்தானத்தில் அவர் செய்த அரும்பணி நிகழ்ந்தது. பிளேக் நோய் வாட்டிய ஊர் அது. மக்கள் முதலில் இவரையே ஐயுற்றனர். வரைபடமும் கையுமாய் வருபவர் வீட்டை இடிக்க வருபவர் என்பது அனுபவம் தந்த பாடமன்றோ? அதனை உணர்ந்த கெடிஸ், மகாராஜாவிடம் ஒருநாள் ஆட்சியைத் தமக்கு வேண்டிப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதியில் செல்லாமல், துப்புரவிலும் பழுதுபார்ப்பிலும் சிறந்த பகுதியின் வழியே செல்லுமென முரசறைவித்தார். ஊர் முழுதும் போட்டியிட்டு வெள்ளையடித்தது, வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று, எலிகள் பிடிபட்டன. ஊர்வலத்தில் யானைகளும் படைகளும் சென்றன. அழுக்கு என்னும் அரக்கனின் உருவமும் பிளேக் எலியின் பேருருவமும் பின்தொடர்ந்தன. அவற்றின் பின்னே, புதுவண்ணம் தீட்டிய வண்டிகளுடன், வெண்ணிற ஆடையுடுத்து மலரணிந்து, நகரத்துத் தோட்டிமக்கள் நிமிர்ந்து நடந்தனர். இரவில் அரக்கனும் எலியும் வாணவேடிக்கையோடு எரிந்தன. துளசிச் செடிகள் மக்களுக்கு வழங்கப்பெற்றன. கிறிஸ்தவ மாணாக்கர் சிலர் இப்பகுதியைப் படித்து முகம் சுளிக்கலாம். ஊராரின் வழிபாட்டையும் விழாவையும் இகழாது அவற்றின் வழியே நன்மை புகுத்தியதை யாம் பெருமையாகவே கருதுகின்றோம்.

ஆயினும் எம் மனத்தில் ஒரு முள் உறுத்துகின்றது. தீபாவளியன்று மலர்சூடியவன் மறுநாள் எங்கே நின்றான்? பெரும்பொருள் விழுங்கும் பாதாளச் சாக்கடைகளைக் கெடிஸ் எதிர்த்தார். கழிவு தோட்டத்துக்கே உரமாகவேண்டும் என்றார். மண்ணுக்கு அது நன்று. நகராண்மையின் பணப்பைக்கும் நன்று. அக்கழிவைச் சுமப்பவன் யார், அவன் மகனும் சுமக்கவேண்டுமோ என்னும் வினாவை அவர் போதிய அளவு எழுப்பியதாக எமக்குத் தோன்றவில்லை. கழிவைக் கையால் அள்ளுவிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1993-லும் மீண்டும் 2013-லும் இயற்ற வேண்டியிருந்த நாட்டில் இவ்வினா சிறிதன்று. தெருவில் நடந்தவர் சாதியின் வேலியைக் கண்டார். அதனை வரைபடத்தில் குறிக்கவில்லை. அவர் முறையைக் கைக்கொள்வோர் அக்கோட்டையும் சேர்த்து வரைதல் வேண்டும்.

1918-ல் இந்தூர் அறிக்கை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். ஜகதீச சந்திர போஸின் சரித்திரத்தை எழுதினார். உடல் தளர்ந்து 1924-ல் பிரெஞ்சு நாட்டு மான்ட்பெலியே நகரை அடைந்து, அங்கே ஸ்காட்லாந்துக் கல்லூரியொன்றை நிறுவினார். 1925-ல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932-ல் ஸர் பட்டம் பெற்ற சில வாரங்களில், ஏப்ரல் 17-ஆம் நாள் மான்ட்பெலியேயில் காலமானார். இந்திய நகரங்களைப் பற்றிய அவருடைய அறிக்கைகளின் பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் அம்மையார் தொகுத்து வெளியிட்டது 1947-ஆம் ஆண்டில். அவ்வாண்டில் இந்தியா விடுதலை பெற்றது. புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்க இன்னும் ஏழாண்டு இருந்தது.