பனிமுடி ஏறிய பேராசிரியர்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் எங்கள் விரிவுரையாளர் கூழ்மக் கரைசல் ஒன்றின் வழியே ஒளிக்கற்றையைச் செலுத்திக் காட்டினார். தெளிந்த நீரில் கண்ணுக்குப் புலப்படாத ஒளியின் பாதை கூழ்மத்தில் வெண்கோடாகத் தெரிந்தது. இதற்குப் பெயர் டிண்டால் விளைவு என்றார். இரண்டு மதிப்பெண் வினா. எழுதிக்கொண்டோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். அந்த டிண்டால் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நானும் கேட்டதில்லை. நூலகத்தில் பனியாறுகளைப் பற்றி வேறெதையோ தேடப் போனபோதுதான் அதே பெயரை மீண்டும் கண்டேன். ஆய்வுக்கூடத்து டிண்டாலும் ஆல்ப்சு மலையின் கொடுமுடிகளில் ஏறிய டிண்டாலும் ஒருவரே என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஜான் டிண்டால் 1820ஆம் ஆண்டு அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை காவல் துறையில் சாதாரணக் காவலர். செருப்புத் தைக்கும் தொழிலும் அறிந்தவர். வீட்டில் செல்வம் இல்லை. ஆயினும் மகனை வேலைக்கு அனுப்பாமல் பதினெட்டு வயது தாண்டியும் ஊர்ப் பள்ளியிலேயே படிக்க வைத்தார் அந்தக் காவலர். கணக்கும் நில அளவையும் கற்ற மகன் 1839இல் அரசு நில அளவைத் துறையில் சேர்ந்தார். வாரக் கூலி ஒரு பவுனுக்கும் குறைவு. ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறாய் என்று மேலதிகாரி ஒருவர் ஒருநாள் கேட்டாராம். நாளுக்கு ஐந்து மணி நேரம் படித்தால் நீ முன்னுக்கு வருவாய் என்று அறிவுரையும் சொன்னாராம். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே டிண்டால் புத்தகத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழக்கத்தை அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கைவிடவில்லை.

வேலை மாற்றலாகி இங்கிலாந்து சென்ற இடத்தில், அயர்லாந்துப் பணியாளருக்கு ஊதியத்திலும் நடத்தையிலும் அநீதி இழைக்கப்படுவதை எதிர்த்து எழுதினார். விளைவு? 1843இல் வேலை போயிற்று. பிறகு இருப்புப்பாதை அமைக்கும் நிறுவனங்களுக்கு நிலம் அளந்தார். அடுத்து ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். கையில் சேர்ந்த சிறு தொகையோடு 1848இல், தம் இருபத்தெட்டாம் வயதில், ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக் கழகத்துக்கு மாணவராகச் சென்றார். பலரும் பிள்ளை குட்டிகளோடு நிலைபெற்றுவிடும் வயது அது! ஆய்வுக்கூட விளக்கால் நாம் நன்கறிந்த பன்சன் அங்கே அவருக்குப் பேராசிரியர். இரண்டே ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றார்.

மாணவராக இருந்தபோது, 1849இல், விடுமுறையில் கால்நடையாகவே சுவிட்சர்லாந்து சென்று ஆல்ப்சு மலையை முதன்முதலாகப் பார்த்தார். காசு குறைவு, கால் வலிமை மிகுதி. அன்று அவர் உச்சி எதற்கும் குறி வைக்கவில்லை. பார்த்துத் திரும்பினார், அவ்வளவே. 1853இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார். கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே அங்கே அவருக்கு மூத்தவர். காவலர் மகனும் கொல்லர் மகனும் ஒரே ஆய்வுக்கூடத்தில்!

ஆல்ப்சு மலைக்கு அவரை மறுபடி அழைத்தது அறிவியலே. பனியாறு என்பது நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குக் கெட்டிப்பட்ட பனிக்கட்டி. அது மலைச்சரிவில் ஆற்றைப் போல நகர்கிறது. கல்லைப் போல் உடையும் பனிக்கட்டி எப்படி வளைந்து நெளிந்து நகரும்? இந்தக் கேள்வியோடு 1856இல் நண்பர் ஹக்ஸ்லியுடன் சென்றார். மறு ஆண்டு பிரான்சு நாட்டு எல்லையிலுள்ள சாமொனி பள்ளத்தாக்கில், பனிக்கடல் என்று பொருள்படும் மேர் த கிளாஸ் என்னும் பனியாற்றின் குறுக்கே வரிசையாகக் குச்சிகள் நட்டார். கரையில் தியோடலைட் கருவியை நிறுத்தி ஒவ்வொரு குச்சியும் ஒரு நாளில் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தார். பழைய நில அளவைக்காரருக்கு இது கைவந்த கலை அல்லவா? ஓரத்துக் குச்சிகள் பின்தங்கின; நடுக் குச்சிகள் முந்தின. 1859 டிசம்பரில், யாரும் போகத் துணியாத கடுங்குளிரில், மறுபடியும் அங்கே சென்று அளந்தார். கோடையில் நகர்வதில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் குளிர்காலத்திலும் பனியாறு நகர்வதைக் கண்டார்.

இனி வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளில் ஆல்ப்சு மலையேற்றம் என்பது பல நாள் பயணம். முதல் நாள் பள்ளத்தாக்கு ஊரிலிருந்து புறப்பட்டு, மாலையில் பாறையடியிலோ குடிசையிலோ தங்கி, நள்ளிரவுக்குப் பின் எழுந்து நடப்பார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் கல்லும் பனியும் உருளும் என்பதால் இந்த ஏற்பாடு. வழி தெரிந்தவர் உள்ளூர் உழவரும் வேட்டைக்காரரும்தாம். பனிக்கோடரியால் படி வெட்டுபவர் அவர். கயிற்றின் முன்னால் நடப்பவர் அவர். சுமை தூக்குபவரும் அவர் இனத்தாரே. 1820இல் மான் பிளாங்க் மலையில் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் மாண்டனர். மறு ஆண்டே சாமொனியில் வழிகாட்டிகள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். 1858இல் டிண்டால் மான் பிளாங்க் உச்சியில் வெப்பமானியைப் புதைக்க விரும்பியபோது, வழிகாட்டி அகஸ்டு பால்மா கையாலேயே பனியைத் தோண்டினார். அவர் இரு கைகளும் உறைபனியில் கருத்தன. நகங்கள் சில விழுந்தன. வெப்பமானியில் காணும் அளவைத்தான் நாம் பாடத்தில் படிக்கிறோம். அதைப் புதைத்தவர் கையை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

டிண்டாலின் மனத்துக்கு மிக நெருங்கிய வழிகாட்டி யோஹான் யோசப் பென்னன். ரோன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். 1858இல் இருவரும் சேர்ந்து பின்ஸ்டரார்ஹார்ன் என்னும் முடியில் ஏறினர். அதே கோடையில் டிண்டால் மாண்டே ரோசா உச்சிக்கு வழிகாட்டி எவருமின்றித் தனியே போய் வந்தார். உணவு ஒரு ரொட்டித் துண்டும் ஒரு புட்டித் தேநீரும். வழியில் அவருடைய பனிக்கோடரி நழுவிச் சற்றுத் தொலைவு சரிந்து, நல்ல வேளையாக நின்றது. அது கீழே போயிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இல்லை. தைரியம்தான், ஆனால் இதை நான் பாராட்ட மாட்டேன்.

1861ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வைஸ்ஹார்ன் என்னும் முடி 4,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வெண்கொம்பு என்பது அப்பெயரின் பொருள். அதுவரை மனிதன் கால் படாதது. பென்னன் முன்னதாகவே போய் வழி பார்த்து வந்து, முடியும் என்று சொன்னார். 18ஆம் நாள் ராண்டா என்னும் ஊரிலிருந்து டிண்டால், பென்னன், உல்ரிக் வெங்கர் ஆகிய மூவர் புறப்பட்டனர். இரண்டு கம்பளிகளைச் சேர்த்துத் தைத்த பைக்குள் நுழைந்து, பாறையடியில் டிண்டால் இரவைக் கழித்தார். விடியுமுன் நடை தொடங்கியது.

கிழக்கு விளிம்பில் ஏறும்போது ஓரிடத்தில் பாறை முடிந்து, இரு பாறைகளுக்கு நடுவே பனியால் ஆன சுவர் ஒன்று நின்றது. அதன் மேல்முனை கத்தி போல் கூர்மை. வலப்புறமும் இடப்புறமும் அதலபாதாளம். பென்னன் அந்த மென்பனியைக் காலால் மிதித்து அமுக்கிப் பார்த்தார்; அதன்மேல் அடி வைத்து நடந்தார். மூங்கில் கழி மேல் நடக்கும் சிறுவனைப் போலக் கால்களை வெளிப்புறம் திருப்பி டிண்டால் பின்தொடர்ந்தார். நண்பர்களே, இந்த இடத்தில்தான் நம் பாடம் வருகிறது. அழுத்தத்தால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து கெட்டியாகின்றன. மறுஉறைதல் என்று நாம் வெப்பவியலில் படிக்கும் நிகழ்ச்சி அதுவே. பாரடே கண்டறிந்து, டிண்டால் ஆய்வுக்கூடத்தில் பனித்துண்டுகளை அச்சில் இட்டு அழுத்திக் கிண்ணமாகவே செய்து காட்டியது அது. பனியாறு வளைந்து நகர்வதற்கும் அதையே அவர் காரணமாகக் கூறினார். அதே விதி இன்று அவர் உள்ளங்காலைத் தாங்கிற்று. பென்னனுக்கு அந்தப் பெயர் தெரியாது; பனி தாங்கும் என்பது மட்டும் தெரியும்.

பிற்பகலில் உச்சியை அடைந்தனர். கோடரிக் காம்பை நட்டுச் சிவப்புக் கைக்குட்டையைக் கொடியாகக் கட்டினர். டிண்டால் வழக்கம்போல் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு எதுவும் எழுதாமல் மூடிவிட்டார். அந்தக் காட்சியின் நடுவே அளவும் எண்ணும் எழுதுவது முறையன்று என்று தோன்றிற்றாம். எதையும் அளந்து பார்த்தே நம்பிய மனிதர் அவர்! அன்று இரவு வெகுநேரம் கழித்துத்தான் மூவரும் ராண்டா திரும்பினர்.

மறு ஆண்டு மேட்டர்ஹார்ன். அங்கேதான் எனக்கு மனம் உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பென்னனும் வால்டர்சும் வழிகாட்டிகள். அந்த மலையை எவரினும் நன்கறிந்த இத்தாலியப் பக்கத்து ழான் அந்துவான் கரேலும் அவர் உறவினர் ஒருவரும் சுமைதூக்கிகளாக அமர்த்தப்பட்டனர். உச்சிக்குச் சற்றுக் கீழே மலையின் தோளில் நின்று, மேலே போகலாமா என்று கரேலைக் கேட்டபோது, நாங்கள் சுமைதூக்கிகள், உங்கள் வழிகாட்டிகளைக் கேளுங்கள் என்ற பொருளில் அவர் விடையளித்தாராம். எட்வர்டு விம்பர் என்பவர் எழுதிவைத்த செய்தி இது. டிண்டால் அந்த வரலாற்றில் சிலவற்றை மறுத்தார். எது முழு உண்மையோ, ஐவரும் திரும்பினர். எங்கள் ஊருக்கு மேலுள்ள மலைக்கோயிலுக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமந்து செல்வோரில் என் தந்தையும் ஒருவர். ஆகவே கரேலின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தத் தோளில் நின்றவர் ஐவர். இன்று அதற்கு டிண்டால் முனை என்று பெயர்.

1864 பிப்ரவரி 28ஆம் நாள் ஓ த க்ரீ என்னும் மலையில், வேறு பயணிகளுடன் சென்ற பென்னன் பனிச்சரிவில் மாண்டார். பனி சரியும் என்று அவர் அஞ்சினார். ஆபத்தில்லை என்று அவ்வூர் ஆட்கள் சொன்னதைக் கேட்டு முன்னே சென்றார். பென்னனின் தாய்க்கும் உடன்பிறந்தாளுக்கும் இங்கிலாந்தில் பணம் திரட்டப்பட்டது. டிண்டாலும் நண்பர் இருவரும் எர்னன் என்னும் ஊர்க் கல்லறையில் அவருக்கு நினைவுக் கல் எழுப்பினர். அதே ஆண்டு ஜூலையில் மார்ட்டராட்ச் என்னும் மலையில் டிண்டாலையும் பனிச்சரிவு அடித்துச் சென்றது. கயிற்றில் கட்டப்பட்ட ஐவரும் உருண்டு பிழைத்தனர். அவருடைய கடிகாரம் மட்டும் போயிற்று. இரு வாரங்களுக்குப் பின் தேடிச் சென்றபோது அது பனிமேல் கிடந்தது. சாவி கொடுத்ததும் ஓடிற்று!

மலையேறிய இதே ஆண்டுகளில்தான் அவருடைய தலைசிறந்த ஆய்வும் நடந்தது. 1859 மே மாதம், நீண்ட குழாயின் இருமுனையும் கல்லுப்பு வில்லைகளால் அடைத்து, உள்ளே வளிகளை நிரப்பி, அவை வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்தார். உலர்ந்த காற்று ஏறக்குறைய உறிஞ்சவே இல்லை. நீராவியும் கரியமிலவாயுவும் வலுவாக உறிஞ்சின. காற்றிலுள்ள இவற்றின் அளவு மாறினால் புவியின் தட்பவெப்பமும் மாறும் என்று 1861லேயே கூறினார். அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்னும் பெண்மணி 1856இல் சூரிய ஒளியில் குழாய்களை வைத்து இதன் முதற்படியைக் கண்டிருந்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. பிறகு ஒளிச்சிதறலை ஆராய்ந்து வானத்தின் நீலத்துக்குக் காரணம் தேடினார். அந்தத் தேடலை இராலே பிரபு தொடர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சர் சி. வி. இராமன், 1921இல் கப்பலில் திரும்பும்போது கடல் நீலத்தை நோக்கி அதே வழியில் மேலும் நடந்தார்.

குறையும் உண்டு. 1865இல் ஜமைக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்று அடக்கிய ஆளுநர் அயருக்கு ஆதரவாக டிண்டால் நின்றார். அநீதியை எதிர்த்து வேலை இழந்த இளைஞர் அவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. 1872-73இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றி ஈட்டிய ஏறத்தாழ 13,000 டாலரையும் அந்நாட்டு அறிவியல் மாணவருக்கே விட்டு வந்தவரும் அவர்தான்.

1876இல் லூயிசா ஹாமில்டனை மணந்தார். மறு ஆண்டு ஆலெட்ச் பனியாற்றுக்கு மேலே பெலால்ப் என்னுமிடத்தில் வீடு கட்டினார். கோடைதோறும் இருவரும் அங்கே தங்கினர். அந்த ஆலெட்ச், ஆல்ப்சின் மிக நீண்ட பனியாறு. அன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. குச்சி நட்ட மேர் த கிளாசும் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. கரியமிலவாயு மிகுந்ததன் விளைவு.

1893 டிசம்பர் 4ஆம் நாள், நோயுற்றிருந்த கணவருக்கு வயிற்று மருந்து என்று நினைத்து, தூக்க மருந்தான குளோரலை மிகுதியாகக் கொடுத்துவிட்டார் லூயிசா. மருந்து மாறியதை இருவரும் உடனே உணர்ந்தனர். மருத்துவர் வந்தும் பயனில்லை, அன்றே இறந்தார். அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த அம்மையார் வாழ்ந்தார். கணவரின் வரலாற்றை எழுதவேண்டி ஏடுகளைத் திரட்டிக்கொண்டே இருந்தார், எழுதி முடிக்கவில்லை. 1940இல் அவர் மறைந்தபின், வேறிருவர் எழுதிய வரலாறு 1945இல் வெளிவந்தது. பெலால்பில் பனியாற்றைப் பார்த்தபடி அவர் 1911இல் நிறுத்திய நினைவுக் கல் இன்றும் நிற்கிறது.